ஓடு போட அனுமதியில்லாத ராஜா

கொச்சி ராஜா தன் அரண்மனைக்கு ஓடு போடக் கூடாது. ஓலைதான் வேய வேண்டும். சொந்தமாகக் காசு அடிக்கவும் கூடாது. ஐநூறு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு கட்டளை இருந்தது என்று பழைய போர்த்துக்கீசியக் குறிப்புகள் சொல்கின்றன. கட்டளை போட்டவர் கோழிக்கோட்டு சாமூதிரி.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காசு அடிக்கக் கூடாது என்பது புரிகிறது. நாணயம் யார் கையில் இருக்கிறதோ அதிகாரமும் அவர் கையில். அந்த அளவு விவரம் பி.காம். படித்தவனுக்குத் தெரியும். ஆனால் ஓடு? அடுத்தவன் வீட்டுக் கூரையில் ஓடு இருந்தால் ஒரு பேரரசருக்கு என்ன குறைந்துவிடும்?

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் போகாது. எங்கள் பக்கம் கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்பதெல்லாம் கட்டட வகை இல்லை, மனிதர்களின் வகை. "அவன் ஓட்டு வீட்டுக்காரன்" என்றால் சம்பந்தம் பேசலாம் என்று அர்த்தம். கூரையைப் பிரித்து ஓடு மாற்றினால் தெருவே வந்து பார்க்கும். பார்த்துவிட்டுப் போய் அவரவர் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம் :-)

ஊரை விட்டு இந்த மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கூரை விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வங்கி விட்டு நடந்தால் ஜூ டவுன், அதை ஒட்டி அரண்மனை. 'டச்சு அரண்மனை' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். கட்டியது டச்சுக்காரர்கள் இல்லை, போர்த்துக்கீசியர்கள். 1555 வாக்கில் கட்டி கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. (ரிப்பேர் பார்த்தவன் பெயர் நிற்பதும் கட்டியவன் பெயர் போவதும் நம் அலுவலகங்களிலும் நடப்பதுதானே.) அந்த அரண்மனையின் கூரையில் சரிவாக, வரிசையாக, சிவப்பு ஓடு.

பொறாமையைப் பற்றி எழுதும்படி ஒரு நண்பர் கேட்டிருந்தார். அறிவுரை எழுத எனக்கு வராது. அந்த ஓட்டின் கதையைச் சொல்கிறேன்.

*

முதலில் கோழிக்கோட்டின் வெற்றியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கொச்சியின் வயிற்றெரிச்சல் புரியாது.

சாமூதிரிகளின் பூர்வீகம் ஏறநாடு. கடல் இல்லாத உள்நாட்டுக்காரர்கள். நெடியிருப்பு ஸ்வரூபம் என்பார்கள். அவர்கள் மேற்கே நகர்ந்து கடற்கரையைப் பிடித்து கோழிக்கோட்டில் உட்கார்ந்தார்கள். இயற்கைத் துறைமுகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் பதினான்காம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா வந்து பார்த்தபோது சீனத்துக் கப்பல்கள் பதின்மூன்று நின்றிருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். 1442ல் பாரசீகத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரசாக் எழுதியிருப்பது இன்னும் சுவாரசியம். வியாபாரிகள் சரக்கை இறக்கி, கணக்குகூடப் பார்க்காமல் அப்படியே தெருவில் போட்டுவிட்டுப் போகலாம். அரசு ஆட்கள் காவல் காப்பார்கள். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு வரி. விற்காவிட்டால் வரியே இல்லை.

நாற்பதில் ஒன்று என்றால் இரண்டரை சதவீதம்! இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெறும் நம்பிக்கையின் மேல் கட்டிய துறைமுகம் அது. கப்பல் தங்க வசதியான இடம் ஆயிரம் இருக்கலாம், பணம் தங்குவது அது பயப்படாத இடத்தில்தான்.

இப்போது கொச்சி. 1341ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, தெற்கே கொச்சியில் கடலுக்கு ஒரு வாய் திறந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. கோழிக்கோட்டுக்கு இல்லாத இயற்கைத் துறைமுகம் கொச்சிக்குக் கிடைத்தது. உள்ளே காயல், காயலுக்குப் பின்னால் மிளகு விளையும் மலைநாடு, அங்கிருந்து படகிலேயே சரக்கு வந்துவிடும். பெரும்படப்பு ஸ்வரூபம் என்ற அரச குடும்பம் இங்கே வந்து சேர்ந்தது 1405 வாக்கில்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவர்களின் மூல இடம் பொன்னானிப் பக்கத்தில் உள்ள வன்னேரி. அங்கே சித்ரகூடம் என்ற இடத்தில்தான் அவர்களுக்கு முடிசூட்டு நடக்கும். சாமூதிரி வளர வளர வன்னேரி அவர் கைக்குப் போய்விட்டது. வீட்டை இழந்து தெற்கே வந்தவர்கள் இவர்கள். வந்த இடத்தில் நல்ல துறைமுகம் இருந்தும் சாமூதிரிக்குக் கட்டுப்பட்டே இருக்க வேண்டியிருந்தது. அதோடு ஓலைக் கூரை.

வன்னேரியை மீட்டு அங்கே முடிசூட்டிக்கொள்ளும் வரை தலையில் கிரீடம் வைப்பதில்லை என்று கொச்சி அரச குடும்பம் சபதம் எடுத்ததாக மரபு. அதனால் பட்டாபிஷேகத்தின்போது கிரீடத்தை மடியில் வைத்துக்கொள்வார்களாம். மடியில்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சாமூதிரியிடம் தோற்றவர்கள் கொச்சிக்காரர்கள் மட்டும் இல்லை. பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மாமாங்கத்துக்குத் தலைமை தாங்கும் உரிமை வள்ளுவநாட்டு அரசரிடம் இருந்தது. அதையும் சாமூதிரி பறித்துக்கொண்டார். வள்ளுவநாட்டார் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு மாமாங்கத்துக்கும் சாவேர்களை அனுப்பினார்கள். சாமூதிரியைக் கொல்ல வாளோடு பாய்ந்து, வழியிலேயே வெட்டுப்பட்டுச் செத்தார்கள். பல தலைமுறைகள் இப்படியே. ஒருவர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சாகக் கொடுத்தார், இன்னொருவர் தலைமுறை தலைமுறையாகக் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஒரே ஆளின் வெற்றியைப் பார்த்து இரண்டு வீடுகள் வெந்த விதம் இது.

*

கொச்சி போர்த்துக்கீசியர்களை அழைத்ததுதான் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் அதற்கு முன்பே ஒருமுறை வெளியாளைப் பிடித்துப் பார்த்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

சீனத்து மிங் பேரரசின் தளபதி ஜெங் ஹ 1405லிருந்து 1433 வரை பெரும் கப்பல் படையோடு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அவர்களுக்கும் முக்கியமான துறைமுகம் கோழிக்கோடுதான். இருந்தும் 1416ல் மிங் பேரரசர் யொங்லெ கொச்சி அரசருக்கு முத்திரை கொடுத்து, கொச்சி நாட்டில் ஒரு மலைக்கு 'நாட்டைக் காக்கும் மலை' என்று பட்டம் கட்டி, அதற்குத் தானே ஒரு கல்வெட்டு வாசகமும் எழுதிக் கொடுத்தார். மட்டாஞ்சேரியில் எங்கே மலை என்று கேட்காதீர்கள். பேரரசர் சீனத்தில் இருந்தார், அவருக்கு எப்படித் தெரியும். கோழிக்கோட்டின் நிழலில் இருந்த ஒரு சின்ன அரசருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்கும் ஆய்வாளர்கள், கோழிக்கோடு-கொச்சிப் போட்டியில் சீனா ஒரு பக்கம் சாய்ந்தது என்கிறார்கள்.

1433க்குப் பிறகு சீனக் கப்பல்கள் வருவது நின்றது. கொச்சிக்குக் காவலும் போனது. மறுபடி சாமூதிரி.

1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குத்தான் வந்தார். கொச்சியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய கடை எதுவோ அங்கேதானே புது வாடிக்கையாளர் போவார். 1500ல் கப்ரால் வந்ததும் கோழிக்கோட்டுக்குத்தான். அங்கே பண்டகசாலை வைத்தார்கள். அரபு வியாபாரிகளுக்கும் இவர்களுக்கும் சரக்கு ஏற்றுவதில் தகராறு முற்றி, டிசம்பரில் பண்டகசாலை தாக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட போர்த்துக்கீசியர்கள் செத்தார்கள். கப்ரால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைப் பிடித்து, அதில் இருந்தவர்களைக் கொன்று, நகரத்தின் மேல் பீரங்கியால் சுட்டுவிட்டுத் தெற்கே கிளம்பினார். 1500 டிசம்பர் 24 அன்று கொச்சி வந்து சேர்ந்தார்.

கொச்சி ராஜா உண்ணி கோத வர்மா வாசலைத் திறந்து வைத்தார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வடக்கே பக்கத்து வீட்டில் குண்டு போட்டுவிட்டு வருகிறவனை, அவன் யார் எவன் என்று தெரியாமலே, வா என்று சொல்கிறோம். அவனைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவன் அந்த வீட்டுக்கு எதிரி. கடன் கேட்டு வருகிறவரைப் பற்றி இந்த அளவு மட்டும் தெரிந்துகொண்டு நான் கையெழுத்துப் போட்டால் மறுநாளே விளக்கக் கடிதம் வந்துவிடும்.

ஆனால் அவரை வெறும் பொறாமைக்காரர் என்று எழுதிவிட்டுப் போக முடியவில்லை. 1503ல் சாமூதிரி ஆளனுப்பினார். உன் ஊரில் தங்கியிருக்கும் போர்த்துக்கீசியர்களை என்னிடம் ஒப்படைத்துவிடு, இல்லாவிட்டால் போர். அப்போது கப்பல்கள் போய்விட்டன, கரையில் இருந்தது பண்டகசாலை ஆட்கள் கொஞ்சம் பேர். கொடுத்துத் தொலையுங்கள் என்று கொச்சியிலேயே பலர் சொன்னார்கள். ராஜா மறுத்தார். என் அடைக்கலத்தில் இருப்பவர்களைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். போரில் இளவரசர் நாராயணனும் இன்னும் இரண்டு இளவரசர்களும் மாண்டார்கள். கொச்சி எரிந்தது. ராஜா அந்த அந்நியர்களையும் கூட்டிக்கொண்டு வைப்பினுக்குத் தப்பிப் போனார். (இன்று ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஜங்காரில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் வைப்பின். அந்த ஐந்து நிமிடத் தண்ணீருக்கு அப்பால் ஒரு ராஜ்யமே ஒதுங்கி நின்றது.)

வயிற்றெரிச்சலுக்காக மூன்று வாரிசுகளைக் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்தால் இரண்டும் ஒரே மனதுக்குள் இருக்க முடியாதா என்ன? கதவைத் திறந்தது எரிச்சலாக இருக்கலாம். திறந்த பிறகு வந்தவனைக் காத்தது மானம். எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

செப்டம்பரில் அல்புகர்க் சகோதரர்கள் (உண்மையில் ஒன்றுவிட்ட உறவு) கப்பல்களோடு வந்து ராஜாவைத் திரும்ப உட்கார வைத்தார்கள். கையோடு மரத்தால் ஒரு கோட்டை கட்ட அனுமதி வாங்கினார்கள். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை அதுதான். 1504ல் சாமூதிரி மறுபடி பெரும்படையோடு வந்தபோது துவார்த்தே பச்சேகோ என்பவர் நூற்றைம்பது போர்த்துக்கீசியர் அளவில் வைத்துக்கொண்டு, கொச்சி வீரர்கள் துணையோடு காயல் துறைகளில் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். சாமூதிரி பாளையத்தில் வாந்திபேதி வேறு பரவியது. படை திரும்பியது.

அந்தப் போரில் பக்கத்திலேயே இருக்கும் இடப்பள்ளி அரசர் சாமூதிரி பக்கம் நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். இடப்பள்ளி இன்று கொச்சி மாநகரத்துக்குள் இருக்கிறது, பெரிய மால் இருக்கும் இடம். கொச்சிக்குக் கோழிக்கோடு எப்படியோ, அப்படி இடப்பள்ளிக்குக் கொச்சி.

*

அதற்கடுத்து வந்தது பில்.

1505ல் முதல் வைஸ்ராய் அல்மெய்தா போர்ச்சுகல் ராஜா அனுப்பிய தங்கக் கிரீடத்தோடு கொச்சிக்கு வந்தார். அடைக்கலம் கொடுத்த உண்ணி கோத வர்மா அதற்குள் பதவி விலகிக் கோயிலோடு ஒதுங்கிவிட்டார். அவருக்கு அடுத்தவருக்குக் கிரீடம் கிடைத்தது. கிரீடம் கொடுப்பவர் கிரீடத்தை மட்டுமா கொடுக்கிறார்? இனி உன்னை ராஜா ஆக்குகிறவன் நான் என்பதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

அது வெறும் பேச்சு இல்லை என்பது ஐந்தே வருடத்தில் தெரிந்தது. கொச்சி மரபுப்படி, ஒதுங்கியிருக்கும் மூத்த ராஜா இறந்தால் ஆளும் ராஜா பதவி விட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும், அடுத்தவர் வர வேண்டும். 1510ல் அப்படி ஒரு நிலை வந்தபோது அடுத்த வாரிசுக்குச் சாமூதிரியின் ஆதரவு இருந்தது. போர்த்துக்கீசியர்கள் ஆளும் ராஜாவைப் பதவி விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அல்புகர்க் நேரிலேயே வந்து நின்றார். சாமூதிரிகூட ஓடு போடாதே, காசு அடிக்காதே என்றுதான் சொன்னார். இவர்கள் யார் ராஜா என்பதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மிளகு விலையை ஒப்பந்தம் போட்டுக் கட்டி வைத்தார்கள். கடலில் கப்பல் விட அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும், கர்த்தாஸ் என்று பெயர். கொச்சியின் பழைய முஸ்லிம் வணிகர்களில் பலர் இந்தப் பிடுங்கல் தாங்காமல் வடக்கே போய்விட்டார்கள். பின்னால் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகி போர்த்துக்கீசியர்களை ஆட்டிவைத்த குஞ்ஞாலி மரைக்காயர்கள் முதலில் கொச்சியில் இருந்தவர்கள்தான் என்று சொல்வதுண்டு. அப்படியென்றால் கொச்சி தன் எதிரிக்குத் தானே தளபதிகளை அனுப்பி வைத்திருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம், அல்லது மிகவும் உறுத்திய இடம், 1513. அல்புகர்க் சாமூதிரியோடு சமாதானம் பேசினார். புதிதாகப் பட்டத்துக்கு வந்த சாமூதிரி கோழிக்கோட்டிலேயே கோட்டை கட்ட இடம் கொடுத்தார். பதின்மூன்று வருடச் சண்டை முடிந்தது. கொச்சிக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். படையெடுப்புப் பயம் இல்லை. எரிந்த ஊரைக் கட்டிக்கொள்ளலாம்.

கொச்சி ராஜா எதிர்த்தார். இந்தச் சமாதானம் கூடவே கூடாது என்று அதைக் கெடுக்க முயன்றார். அவருடைய பயத்தை நான் மறுக்கவில்லை. கப்பல்கள் திரும்பக் கோழிக்கோட்டுக்குப் போய்விட்டால் கொச்சித் துறைமுகம் என்ன ஆகும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால் கணக்கு மட்டும்தானா? தன் நண்பன் தன் எதிரியோடு கை குலுக்குவதைப் பார்ப்பது இருக்கிறதே, அது ஒரு தனி வேதனை. தனக்கு ஒன்றும் குறையாவிட்டாலும் அவனுக்கு ஒன்று கூடிவிட்டது. பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டியிருக்கும் பலகையில் ஆட்கள் முதலில் தேடுவது தங்கள் பெயரை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இருபது வருடமாகப் பார்க்கிறேன், தன் பெயரைப் பார்த்த பிறகும் யாரும் நகர்வதில்லை. கூடச் சேர்ந்தவர்களின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். தன் பெயர் இருந்து அவன் பெயரும் இருந்தால் சந்தோஷத்தில் ஒரு கால் பங்கு போய்விடும்.

அந்தக் கோழிக்கோட்டுக் கோட்டையை 1525ல் போர்த்துக்கீசியர்களே விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது. சண்டை தொடர்ந்தது. 1530ல் அவர்கள் தலைநகரத்தைக் கொச்சியிலிருந்து கோவாவுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே கொச்சியில் இருந்த போர்த்துக்கீசிய அதிகாரிகளில் ஒரு கோஷ்டி கோவா நமக்கு வேண்டாத சுமை என்று லிஸ்பனுக்கு எழுதிக்கொண்டிருந்தது. இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த தோஷம் போல.

இதெல்லாம் நடந்து ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அரண்மனை. போர்த்துக்கீசியர்கள் பக்கத்தில் ஒரு கோயிலைக் கொள்ளையடித்தார்கள், ராஜா கோபப்பட்டார், அவரைச் சமாதானப்படுத்தவே கட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். நாலுகெட்டு, நடுவில் பழயன்னூர் பகவதி கோயில், மேல் மாடி, எல்லாவற்றுக்கும் மேலே ஓடு. ஓடு போடக் கூடாது என்றிருந்த வம்சத்துக்குக் கடைசியில் ஓட்டு வீடு கிடைத்தது. கொடுத்தவன் கொள்ளையடித்தவன்.

*

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஓட்டுத் தடை அரசர்களுக்கு இடையில் மட்டும் இருந்த விசித்திரம் இல்லை. தெற்கே திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஓட்டு வீடு கட்டக் கூடாது, மாடி கட்டக் கூடாது. கையில் பணம் இருந்தாலும் கூடாது. நாடார்கள், ஈழவர்கள் என்று எத்தனை பேர் இதற்குள் வாழ்ந்திருக்கிறார்கள்.

பொறாமை என்றாலே கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்து வயிறு எரிவது என்றுதான் நாம் பேசுகிறோம். ஓட்டுக்குத் தடை போட்டவன் யார் என்று பாருங்கள். ஓடு போட முடியாதவன் இல்லை, ஏற்கெனவே ஓட்டுக்கு அடியில் படுத்திருப்பவன். தன் கூரையில் ஒரு ஓடுகூடக் குறையவில்லை. அடுத்தவன் கூரையும் தன் கூரை மாதிரி ஆகிவிடுமோ என்பதுதான் அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. கீழே இருப்பவனின் எரிச்சலுக்குப் பொறாமை என்று பெயர். மேலே இருப்பவனின் எரிச்சலுக்கு நாம் வைத்த பெயர்கள் ஆசாரம், மரபு, சட்டம். சாமூதிரியின் கட்டளையைப் பொறாமை என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. கொச்சி ராஜாவை மட்டும் பொறாமைக்காரர் என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள்.

நம் ஊரில் எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு இருந்தது. 1799ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். எட்டப்பன் என்ற பெயரே தமிழில் வசைச்சொல் ஆகிவிட்டது. கொச்சி ராஜாவின் பெயர் மலையாளத்தில் அப்படி ஆகவில்லை. இத்தனைக்கும் இங்கே வந்தவன் பாளையத்தை மட்டும் பிடிக்கவில்லை, ஐரோப்பாவுக்கே வழி திறந்தது. இது ஏன் என்று இங்கே மிளகு மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "சாரே, கொச்சி தோத்துப் போகல இல்லையா."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 1663ல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியர்களைத் துரத்தினார்கள். அப்போது டச்சுக்காரர்களோடு கை கோர்த்து நின்றது யார் தெரியுமா? சாமூதிரி. கொச்சி செய்த அதே வேலையை நூற்றறுபது வருடம் கழித்து அவர் செய்தார். பலன் அவருக்கும் கிடைக்கவில்லை, டச்சுக்காரர்கள் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு தங்களுக்கு வேண்டிய கொச்சி ராஜாவை வைத்துக்கொண்டார்கள். பிறகு 1757ல் சாமூதிரியின் தொல்லை தாங்காமல் பாலக்காட்டு அரசர் மைசூரின் ஹைதர் அலியை அழைத்தார். மறுபடி அதே கதை, பக்கத்து வீட்டுக்காரனை அடக்க வெளியாள். 1766ல் ஹைதர் கோழிக்கோட்டுக்கே வந்துவிட்டார். சாமூதிரி தன் அரண்மனைக்குத் தீ வைத்து அதிலேயே மாண்டார்.

கொச்சி? ஹைதருக்குக் கப்பம் கட்டியது. 1791ல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. யார் வந்தாலும் வாசலைத் திறந்து, கட்ட வேண்டியதைக் கட்டி, 1949 ஜூலை 1ல் திருவிதாங்கூரோடு சேரும் வரை ராஜ்யமாகவே இருந்தது. அதை வெற்றி என்பீர்களா? வட்டி மட்டும் கட்டிக்கொண்டு, அசலைத் தொடாமல், கணக்கை மூடாமல் நானூற்று ஐம்பது வருடம் ஓட்டிய வாடிக்கையாளர் மாதிரி எனக்குத் தோன்றுகிறது. வங்கிக்காரனுக்கு அப்படிப்பட்ட வாடிக்கையாளரைப் பிடிக்கும், அது வேறு.

மடியில் இருந்த கிரீடம் மடியிலேயே இருந்தது. மரபு சொல்வது உண்மையென்றால், கொச்சி அரசர்கள் யாரும் அதைத் தலையில் வைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது வன்னேரி, கோழிக்கோடு, கொச்சி, இடப்பள்ளி எல்லாம் ஒரே மாநிலத்துக்குள் வந்துவிட்டன. சித்ரகூடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். முடிசூட்டிக்கொள்ள ராஜா இல்லை.

மட்டாஞ்சேரிக்கு வந்தால் அரண்மனையைப் பாருங்கள். ராமாயணச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள். முடிசூட்டு மண்டபத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், வெளியே வந்ததும் தலையைத் தூக்கி ஓட்டையும் பாருங்கள். அப்படியே அரண்மனைக் கோயிலை ஒட்டி இருக்கும் யூதர்களின் பரதேசி சினகாக்குக்குப் போனால் தரையில் சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை டைல்ஸ் இருக்கும், பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். டைல்ஸ் முதலில் ராஜாவின் அரண்மனைக்கு வந்ததாம். அதில் பசுவின் ரத்தம் கலந்திருக்கிறது என்று யாரோ ராஜாவிடம் போட்டுக்கொடுக்க, அவர் எனக்கு வேண்டாம் என்று யூதர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். யார் போட்டுக்கொடுத்தார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கதைதான், ஆனால் இந்தத் தெருவுக்கு ஏற்ற கதை.

வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அரண்மனை பூட்டியிருக்கும்.